மெய்யான பாவனை

மொன்றியல்
15 ஒக்ரோபர் 2006

அக்கா,

போனில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கத்தியது சரி. நீ போனை வைத்ததும் சரி, உன் இடத்தில் நான் இருந்தாலும் வைத்திருப்பேன். கடிதத்தில் நீ குறுக்கே கதைக்க முடியாது, நான் கத்தவும் முடியாது. அதனால் இனி இப்படியே கதைப்போம்.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் டென்மார்க்கை விட்டுவிட்டு லண்டனுக்குக் குடிபோக வேண்டும் என்கிறார். ஏன் என்று கேட்டால் "அங்கதான் எங்கட சனம் நல்லா இருக்கு" என்கிறார். நல்லா இருக்கு என்பதை எதை வைத்து அளந்தார்? கலியாண வீட்டு வீடியோவையா? அவருடைய தமையன் யோசெப்பின் கடைவாசலில் நிற்கிற காரையா?

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது உங்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை விளங்கவில்லை. ஆட்கள் கேட்டால் "கொம்பியூட்டரில ஏதோ" என்று நீ சொல்வதாகக் கேள்வி. அந்த ஏதோ என்னவென்றால், ஐரோப்பாவில் எந்த நாட்டில் ஒரு குடும்பம் எவ்வளவு வசதியாகச் சீவிக்கிறது என்று ஒப்பிடுவது. தங்கள் ஆட்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்புகிற பெரிய கம்பனிகள் எங்களிடம்தான் கேட்கின்றன. சம்பளத்தை மட்டும் பார்த்தால் கணக்குப் பிழைத்துப்போகும். நோர்வேயில் கைநிறையச் சம்பளம், ஆனால் பாணின் விலையைக் கேட்டால் பசி போய்விடும். பல்கேரியாவில் தலைமயிர் வெட்டுவது மலிவு, ஆனால் வெட்டுகிறவனின் வீட்டில் குளிருக்கு ஹீற்றர் போட யோசிப்பார்கள். ஆகவே விலை வித்தியாசத்தைக் கழித்துவிட்டு, ஒரு ஆளுக்கு வீட்டில் உண்மையாக என்ன வந்து சேருகிறது என்று பார்க்க வேண்டும். கடையில் வாங்குவது மட்டுமில்லை. அரசாங்கம் தருகிற பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதில் சேரும்.

இப்போது உன் வீட்டை எடு. அனோஜினிக்கு ஒன்பது வயது. தசை தளருகிற நோய். நீ இதை மறக்கமாட்டாய், அத்தானுக்காக எழுதுகிறேன். அவளுடைய கரண்ட் நாற்காலி, கட்டிலிலிருந்து குளியலறைக்குக் கூரையில் ஓடுகிற தூக்கி, அகலமாக்கின கதவுகள், கிழமைக்குக் கிழமை சுடுதண்ணீர்க் குளத்தில் பயிற்சி, காலையும் மாலையும் வந்து பார்க்கிற அந்த கேர்ஸ்டன். எல்லாம் கொம்யூன் தந்தது, அந்த ஊர் நகரசபை. இதையெல்லாம் விட்டுவிட்டு யோசெப்பின் கடைக்கு மேலே உள்ள அறைகளில் போய் இருந்து அத்தான் கல்லாவில் நிற்கப் போகிறாராம்.

அவள் இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள் என்று போன மாதம் நீதான் சொன்னாய். அப்படி நிற்பதற்கு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று அத்தான் யோசித்தாரா?

அட்டவணையை அனுப்புகிறேன். வாசித்துவிட்டு முடிவெடுக்கச் சொல்.

றொசான்

—

ஹேர்னிங்
2 நவம்பர் 2006

தம்பி றொசான்,

நாங்கள் நலம் என்று தொடங்கினால் நீ நம்பமாட்டாய். அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

நீ எழுதினதில் ஒன்றும் பிழையில்லை. அதுதான் உன்னோடு கதைக்கிறதில் உள்ள கரைச்சல். நீ சொல்கிறது சரியாக இருக்கும், கேட்கிறவருக்கு வாயைத் திறக்க இடமிருக்காது.

உன் அத்தானைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? பன்றி இறைச்சி ஆலையில் நாள் முழுக்கக் கத்தி பிடிக்கிறார். காலையில் விரல்கள் மடங்கினபடி இருக்கும். ஒவ்வொரு விரலாக நான்தான் சுடுதண்ணீருக்குள் வைத்து நிமிர்த்திவிடுகிறேன். பதினாலு வருஷமாக இருந்தும் டேனிஷ் அவருக்கு வாயில் வராது. அனோஜினியும் கேர்ஸ்டனும் ஏதோ சொல்லிச் சிரித்தால் தன்னைப் பற்றித்தானோ என்று என் முகத்தைப் பார்ப்பார். சாரம் கட்டிக்கொண்டு சொந்த வீட்டில் இருக்க ஏலாது, எந்த நேரமும் வெளியாட்கள் வந்து போகிற வீடு. போன கிழமை சொன்னார்:

"றெபேக்கா, இஞ்ச பாரும். இந்த வீட்டில எது எங்கட சொந்தம்? கதவு கொம்யூன்ர. கூரைத் தூக்கி கொம்யூன்ர. பிள்ளையைக் குளிப்பாட்டுறதும் கொம்யூன். நான் என்னத்துக்கு?"

"நீங்கள் தகப்பன்."

"அதையும் எழுதி ஒரு லேபல் ஒட்டுவினம்."

நீ சிரிப்பாய். நானும் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அனோவின் நாற்காலிக்குப் பின்னால் 'ஹேர்னிங் கொம்யூனின் உடைமை' என்று ஒரு லேபல் ஒட்டியிருக்கும். அவர் அதற்கு மேலே மடு மாதாவின் படத்தை ஒட்டிவிட்டார். பூசைக்குப் போனால் பின்னுக்கு இருக்கிற சனம் வாசிக்குமாம். அவர்களில் பாதிப்பேரின் வீடும் வங்கியின் உடைமைதான், அது வேறு கதை.

யோசெப் அத்தார் கடையில் பங்கு தருகிறேன் என்கிறார். "என்ர கடை" என்று சொல்லலாம் அல்லவா? யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்த மனுசன், றொசான். லண்டன் என்றால் அவருக்கு அது.

அட்டவணையை நேரே அவருக்கு அனுப்பாதே. முதலில் எனக்குக் காட்டு. அல்லது அட்டவணையே வேண்டாம், "அத்தான், பார்த்தேன், லண்டன் சரிவராது" என்று ஒரு வரி எழுது. உன் படிப்பில் அவருக்கு மரியாதை இருக்கிறது, உனக்குத்தான் அவரில் இல்லை.

அனோ கம்பியைப் பிடித்தபடி ஒரு பாட்டு முடியுமட்டும் நிற்கிறாள். முடிந்ததும் தனக்குத்தானே கைதட்டப் பார்த்து விழப்போகிறாள். கேர்ஸ்டன் திட்டுகிறாள்.

அக்கா

—

மொன்றியல்
26 நவம்பர் 2006

அக்கா,

அட்டவணையை அத்தானின் பெயருக்கே போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்து சேரும். நீ கேட்டமாதிரி ஒரு வரி எழுதினால் அது என் அபிப்பிராயம். அவருக்கு ஏற்கனவே ஊர் முழுக்க அபிப்பிராயம் இருக்கிறது. எண்ணோடு யாரும் சண்டை பிடிக்க முடியாது.

முதல் பக்கத்தில் நாடுகளின் வரிசை. ஐரோப்பியச் சராசரியை நூறு என்று வைத்து, லக்ஸம்பேர்க் மேலே, பல்கேரியாவும் ருமேனியாவும் கீழே. அத்தானுக்கு ஆங்கிலத் தலைப்பு வேண்டாம் என்று எல்லாவற்றையும் தமிழில் மாற்றினேன். முக்கியமான நிரலுக்கு 'மெய்யான தனிநபர் பாவனை' என்று பெயர் போட்டேன். எனக்கு முன்மேசையில் சென்னைக்காரன் ஒருவன் இருக்கிறான், இரவிச்சந்திரன். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான்.

"என்னடா இது, மெய்யான பாவனை? நிஜமா நடிக்கிறதா?"

"பாவனை எண்டா பாவிக்கிறது. சாமானைப் பாவிக்கிறது."

"பாவனைன்னா பாசாங்குடா. நுகர்வுன்னு போடு."

"நுகர்வு எண்டா எங்கட ஆக்கள் மூக்கால மணந்து பாப்பினம்."

கடைசியில் பாவனை என்றே விட்டுவிட்டேன். அத்தானுக்கு விளங்கினால் போதும்.

ஒரு விஷயம். பட்டியலில் இங்கிலாந்து டென்மார்க்குக்குச் சில படி மேலே நிற்கிறது. அதிர வேண்டாம். விலைவாசியைக் கழித்தால் அப்படித்தான் வருகிறது, டென்மார்க்கில் எல்லாம் விலை. ஆனால் அது சராசரி ஆளின் கணக்கு. சராசரி ஆளுக்கு இரண்டு கால் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு அந்த நிரல் ஏன் பொருந்தாது என்று இரண்டாம் பக்கத்தில் விளக்கமாக எழுதியிருக்கிறேன். நாற்காலி, தூக்கி, குளம், கேர்ஸ்டன் ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்கினால் உங்கள் வீடு லக்ஸம்பேர்க்குக்கும் மேலே போய் நிற்கும். ஹேர்னிங்கில் அத்தானைவிட வசதியான மனுசன் இல்லை. அது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டு பக்கத்தையும் வாசிக்கச் சொல்.

றொசான்

—

ஹேர்னிங்
11 டிசம்பர் 2006

றொசான்,

வாசித்தார். முதல் பக்கத்தை.

வாசித்தது மட்டுமில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்க, சட்டைப்பைக்குள் இருந்து எடுத்து நிருபம் வாசிக்கிறமாதிரி வாசித்தார். "என்ர மச்சான் மொன்றியலில போட்ட கணக்கு. ஐரோப்பா முழுக்க இவங்களிட்டத்தான் கேக்கிறது. பாருங்கோ, இங்கிலாந்து எங்க நிக்குது, நாங்கள் எங்க நிக்கிறம்." என் கலியாணத்துக்குப் பிறகு நேற்றைக்குத்தான் உன்னை அவர் "என்ர மச்சான்" என்று சொல்லிக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டாம் பக்கம் எங்கே என்று கேட்டேன்.

"அது விளக்கம்தானே."

"அதைத்தான் வாசிக்கச் சொல்லி எழுதியிருக்கிறான்."

"றெபேக்கா, உம்மட தம்பிக்கு நான் லண்டன் போறது விருப்பமில்லை. விருப்பமில்லாதவனே இங்கிலாந்து மேல எண்டு போட்டிருக்கிறான் எண்டா, அது எவ்வளவு உண்மையா இருக்க வேணும்?"

இதற்கு நான் என்ன பதில் சொல்கிறது? நீயே சொல். நீ படித்தவன்.

இன்று காலை கொம்யூனுக்கு அறிவித்துவிட்டார். மார்ச் மாதம் வீடு விடுகிறோம். சாமான்கள் எல்லாவற்றையும் அவர்கள் வந்து எடுப்பார்கள். தூக்கியைக் கழற்ற ஒரு நாள், கதவை அப்படியே விடலாமாம். கேர்ஸ்டன் சமையலறையில் நின்று அழுதாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "பாரும், எங்கட பிள்ளைக்கு அவள் அழுகிறாள்" என்றார். என்ன குரலில் சொன்னார் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

நீ ஒரேயொரு எண்ணை மாற்றிப் போட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? உன் கம்பனி ஹேர்னிங்குக்கு வந்து பார்க்குமா? இங்கிலாந்தைக் கொஞ்சம் கீழே இறக்கியிருந்தால் என் பிள்ளை நின்ற இடத்தில் நின்றிருப்பாள். உன் சென்னை நண்பனின் தமிழில் ஒரு சின்னப் பாவனை. உன்னால் அது முடியாது, ஏனென்றால் நீ நேர்மையானவன்.

நத்தார் வாழ்த்துகள்.

றெபேக்கா

—

மொன்றியல்
7 ஜனவரி 2007

அக்கா,

மாற்றமாட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் மாற்றமாட்டேன். எண் பிழையில்லை. 'ஒரு சராசரிக் குடும்பம் எங்கே கூடப் பாவிக்கிறது' என்ற கேள்விக்கு அது சரியான பதில். அத்தான் கேட்டது 'நான் எங்கே போனால் மனுசனாக இருக்கலாம்' என்ற கேள்வி. அதற்கு என்னிடம் நிரல் இல்லை. இல்லாத நிரலை இருக்கிற நிரலில் வாசித்தது அவருடைய பிழை. பொய் எழுதி அவரைத் தடுத்திருக்கலாம் என்கிறாய். தடுத்திருந்தால் அடுத்த வருஷம் இன்னொருவன் இன்னொரு அட்டவணையோடு வந்திருப்பான். பன்றி ஆலை அப்படியேதான் இருந்திருக்கும்.

சரி. நான் சும்மா இருக்கவில்லை. உங்களை இங்கே எடுக்க முடியுமா என்று ஒரு வழக்கறிஞரிடம் போனேன். மெற்றோவுக்குப் பக்கத்தில், தமிழ் ஆட்களின் கேஸ் நிறையப் பார்க்கிறவர். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்றார். சொன்னேன். பேனையை மூடி வைத்தார்.

"தம்பி, மெடிக்கலில நிப்பாட்டுவாங்கள். பிள்ளைக்கு அரசாங்கம் பாக்கிற செலவு கூடவா வரும் எண்டு கண்டால் முழுக் குடும்பத்தையும் மறுக்கலாம். சட்டத்திலயே இருக்கு."

"அவளுக்கு ஒன்பது வயசு."

"அதுதான். இன்னும் கன காலம் செலவு."

வெளியே வந்து நின்றேன். அந்த மனுசனில் கோபம் வரவில்லை. அவர் செய்ததும் நான் செய்கிறதும் ஒரே தொழில்.

ஒருவேளை விட்டார்கள் என்றே வை. நான் இருக்கிற பார்க் எக்ஸ்ரென்ஷனில் வீடுகளுக்குப் படி வெளியில்தான். இரும்புப் படி, வளைந்து மேலே போகும், இந்த மாதத்தில் அதில் ஐஸ் பிடித்திருக்கும். நானே பிடித்துப் பிடித்துத்தான் இறங்குகிறேன். என் வீடு மூன்றாம் மாடி. எங்கே கொண்டுவந்து அவளை வைப்பேன்?

மார்ச்சுக்கு இன்னும் நேரமிருக்கிறது. கொம்யூனுக்கு நீ ஒரு கடிதம் போடு, உன் பெயரில். அத்தான் மட்டும் முதலில் போய்ப் பார்க்கட்டும். இதை அவரிடம் கேட்காதே, சொல்லு.

றொசான்

—

ஈஸ்ற் ஹாம், லண்டன்
20 மே 2007

அன்புள்ள தம்பி,

ஐந்து மாதம் எழுதவில்லை. உன் கடைசிக் கடிதம் சாமான் கட்டுகிற நேரத்தில் வந்தது. கொம்யூனுக்கு நான் கடிதம் போடவில்லை. போட்டால் நான் ஒரு கரையில், அவர் ஒரு கரையில் என்று ஆகிவிடும். அப்படி இருந்து எனக்குப் பழக்கமில்லை.

நாற்காலியை எடுக்க ஒரு பெடியன் வந்தான், நல்ல மரியாதை. பின்பக்கம் மாதாவின் படத்தைக் கண்டுவிட்டு, நகத்தால் மெல்ல மெல்ல உரித்து, கிழியாமல் உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை. நான் வாங்கிக் கைப்பைக்குள் வைத்தேன். அனோ சோபாவில் இருந்தாள். "மாதா போகேல்லையே" என்று மட்டும் கேட்டாள்.

உனக்கு நல்ல செய்தியும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய்க்காரி. உன் அத்தான் சிரிக்கிறார். கடையில் நின்று வாற போற ஆட்களோடு பகிடி விட்டுக் கதைக்கிறார், மரக்கறிக்காரனோடு விலைக்குச் சண்டை பிடிக்கிறார், வீட்டில் சாரம் கட்டுகிறார். விரல்கள் நேராகிவிட்டன. நான் கலியாணம் செய்த மனுசனை இவ்வளவு காலத்துக்குப் பிறகு கண்டேன் என்று எழுதினால் உனக்கு விளங்குமா தெரியாது. அவரைப் பார்த்தால் வந்தது பிழை என்று சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை.

வீடு கடைக்கு மேலே. படி ஒடுக்கம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்ப வேண்டும். இங்கத்தை நகரசபையிலிருந்து பார்க்க வந்த ஆட்கள் நல்ல ஆட்கள், ஆனால் அந்தப் படியில் தூக்கி ஒன்றும் பூட்ட முடியாது என்றுவிட்டார்கள். கீழ்வீடு ஒன்றுக்குப் பெயர் எழுதியிருக்கிறோம், எங்களுக்கு முன்னால் கன சனம். சாதாரண தள்ளு நாற்காலி ஒன்று தந்திருக்கிறார்கள். மேலே கொண்டுவந்தால் திருப்ப இடமில்லை. அது கீழே அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சனம் சாமான் பையை அதில் வைத்துவிட்டுக் காசு எடுக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு அவர் தூக்கிக்கொண்டு இறங்குவார், பின்னேரம் தூக்கிக்கொண்டு ஏறுவார். "என்ர பிள்ளையை நான் தூக்குறன், ஒரு கேர்ஸ்டனும் தேவையில்லை" என்கிறார். நின்று பழக இங்கே கம்பி இல்லை. கட்டில் விளிம்பைப் பிடித்து நிற்கச் சொல்கிறேன். பாட்டு முடியுமட்டும் நிற்கிறதில்லை.

அக்கா

—

மொன்றியல்
10 ஜூன் 2007

அக்கா,

நேற்று ஜான்-டலோன் சந்தையில் இமெல்டா அன்ரியைக் கண்டேன். நான் முன்பு அவவின் வீட்டில்தான் வாடகைக்கு இருந்தேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். கத்தரிக்காயைப் பிதுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டா.

"அக்கா ஆக்கள் லண்டனோ இப்ப? நல்லா இருக்கினமாம்."

"பிள்ளை மாடியில இருக்குது, அன்ரி. கீழ வர ஏலாது."

"மாடி வீடோ? சொந்தமோ?"

இதுதான் எங்கட சனம். இதற்காகத்தான் அத்தான் ஒரு நாட்டை விட்டுவிட்டுப் போனார்.

நான் சுற்றி வளைக்கத் தெரியாதவன். நேரே எழுதுகிறேன், கோபித்தால் கோபி. நீயும் அனோவும் மட்டும் திரும்பிப் போங்கள். டேனிஷ் பாஸ்போட் இருக்கிறது, யாரும் தடுக்க முடியாது. திரும்பவும் விண்ணப்பிக்க வேண்டும், கொஞ்சக் காலம் இழுக்கும், ஆனால் கிடைக்கும். கேர்ஸ்டனுக்கு எழுது. அத்தான் கடையில் சந்தோசமாக இருக்கட்டும். அவர் சிரிக்கிறார் என்று எழுதுகிறாய். அந்தச் சிரிப்பு யாருடைய காலில் நிற்கிறது?

ஒரு வீட்டில் எல்லாரும் ஒரே அளவு வசதியாக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் கணக்குப் போடுகிறோம். அதை யாரும் சோதிக்கிறதில்லை. வாசற்கதவுக்கு உள்ளே கணக்கு நின்றுவிடும். உன் வீட்டில் ஒருவர் ஏற ஒருவர் இறங்குகிறார். ஆகமொத்தம் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை என்றுதான் வரும்.

டிக்கெட்டுக்கு நான் பார்க்கிறேன். திகதியை மட்டும் சொல்.

றொசான்

—

லண்டன்
23 செப்ரெம்பர் 2007

றொசான்,

உன் கடிதத்தை ஜூனில் வாசித்து அலுமாரிக்குள் வைத்தேன். கோபத்தில் இல்லை. கேர்ஸ்டனுக்கு எழுதினேன் என்பதையும் உனக்குச் சொல்லவில்லை. அவள் பதில் போட்டாள், வா என்று. ஓகஸ்டில் அவரிடம் கதைக்கிறதாக இருந்தேன். எப்படித் தொடங்குகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முதல் அவர் படியில் சறுக்கிவிட்டார். பின்னேரம், பள்ளிக்கூட லீவு, அனோவைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்த் திரும்பினபோது. மேலே ஏறிக்கொண்டிருந்தார். அவள் வளர்ந்துவிட்டாள், பாரம். விழும்போது அவளைத் தன் மேலே போட்டுக்கொண்டுதான் விழுந்தார், அதனால் தலை தப்பியது. அவளுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அவருக்கு முழங்கால் சில்லு.

எலும்பு பொருந்திவிட்டது. டொக்டர் பொம்பிளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு இருத்திச் சொன்னா: மாவுக்கட்டோடு படுத்திருந்த காலத்தில் போன தசை இந்த வருத்தத்தில் திரும்பி வராது. இனி நிற்கமாட்டாள். நான் திரும்பத் திரும்ப, கம்பி இருந்தால்? குளம் இருந்தால்? என்று கேட்டேன். டென்மார்க்கில் என்றால்? என்றும் கேட்டேன். அவ தலையை ஆட்டினா. எங்கே என்றாலும் இனி அதுதான்.

ஆகவே டிக்கெட் வேண்டாம், தம்பி. போனால் நாற்காலி கிடைக்கும், தூக்கி கிடைக்கும், தெரியும். ஆனால் இந்த மனுசனை இப்படி விட்டுவிட்டு என்னால் போக முடியாது. கடையில் யோசெப் அத்தார்தான் நிற்கிறார். இவர் மேலே கதிரையில், காலை நீட்டிக்கொண்டு, அனோவுக்கு எதிரே. ஒரு நாள் என்னிடம், "உம்மட தம்பி எழுதின மற்றப் பக்கத்தில என்ன இருந்தது?" என்று கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன்.

அனோவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன், நானும் நீயும் ஹேர்னிங்குக்குப் போவமா என்று. "அப்பா எங்க சாப்பிடுவார்?" என்றாள்.

நீ ஒன்றும் எழுத வேண்டாம். நத்தாருக்கு வா, ஏலுமென்றால்.

அக்கா

—

மொன்றியல்
13 ஜனவரி 2008

அக்கா,

சுகமாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் தூக்கம் வரவில்லை. டோர்வல் விமான நிலையத்தில் இறங்கி, பஸ்ஸுக்கு நிற்கும்போது உனக்கு எழுத வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்தினேன். கீழ்வீடு எப்போது வரும் என்று யாரிடம் கேட்க வேண்டும், எந்த ஆவணம் தேவை, அத்தானின் முழங்காலுக்கு என்ன பயிற்சி. எல்லாம் எழுதத்தான் இருந்தேன். இப்போது எழுதப் பார்த்தால், நீ இதையெல்லாம் ஏற்கனவே செய்துவிட்டாய் என்பது தெரிகிறது.

அத்தானோடு சண்டை பிடிக்கத்தான் வந்தேன் என்று உனக்குத் தெரியும். பெட்டியை வைத்தவுடனேயே தொடங்குகிற எண்ணம். அவர் எழும்ப முயன்று, ஏலாமல், இருந்தபடியே "வாரும் மச்சான்" என்று கையை நீட்டினார். அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன சண்டை பிடிக்கிறது? அவர் தோற்றுவிட்டார், நான் வென்றுவிட்டேன். என்னத்தை வென்றேன் என்று விளங்கவில்லை.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். கடைசி நாள், மத்தியானம். வெயில் எறித்தது, அந்தக் குளிருக்குள் அப்படி ஒரு வெயில். நீ சமையலறையில் நின்றாய். நான் அனோவிடம், "வா, மாமா தூக்குறன், கீழ போய் ஒரு சுத்து சுத்திப்போட்டு வருவம்" என்றேன். என்னால் தூக்க முடியும், அக்கா. முதல்நாள்தான் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கினேன், பாரம்தான், ஆனால் முடியும்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்க்கவில்லை. அத்தானின் முழங்காலைப் பார்த்தாள். அவர் பேப்பர் வாசிக்கிறவர் மாதிரி இருந்தார், பக்கம் திருப்பவில்லை.

"எனக்குப் பசிக்குது மாமா. பேந்து போவம்" என்றாள்.

அப்போதுதான் அவள் சாப்பிட்டு முடித்திருந்தாள். தட்டு இன்னும் மடியில் இருந்தது. நீ அங்கிருந்து எட்டிப் பார்த்தாய். ஏன் என்று கேட்கவில்லை. அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு போய், திரும்பவும் புட்டும் சம்பலும் போட்டுக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தாய்.

அவள் முழுவதையும் சாப்பிட்டாள்.

றொசான்